நீலத் திரை: கலையா, கோளாறா?

சயான்_கோலிவாடா | பிப்ரவரி 8, இரவு 10.12

நேராகக் கேள்விக்கு வருகிறேன். சனிக்கிழமை நண்பர்கள் ஆறு பேர் மும்பை காலா கோடா கலை விழாவுக்குப் போய், கூட்டம் தாங்காமல் கொலாபா பக்கம் ஒரு காலரிக்குள் நுழைந்தோம். மாடியில் இருட்டு ஹால். மேலிருந்து 48 இரும்பு வாளிகள் கம்பியில் தொங்குகின்றன. ஒவ்வொரு வாளிக்கும் கீழே, தரையில் ஒரு அடி அகலத்துக்கு உப்புக் குவியல். கடைசிச் சுவரில் வெறும் நீல வெளிச்சம். எங்கிருந்தோ சில நொடிக்கு ஒருதரம் 'டக்' என்று சத்தம். அவ்வளவுதான்.

வாசலில் ஒட்டியிருந்த விளக்கத்தில் இருப்பு, இன்மை, காலத்தின் உவர்ப்பு என்று என்னென்னவோ. எங்களில் மூன்று பேர், நீலம்தான் கடல், அதுதான் படைப்பின் உச்சம் என்கிறார்கள். மீதி மூன்று பேர் ப்ரொஜெக்டர் ஓடவில்லை என்கிறார்கள். ஒரு ராத்திரிச் சாப்பாடு பந்தயம். காவலாளி கையை விரித்துவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

செம்பூர்_ஏணி | பிப்ரவரி 8, இரவு 10.40

வாசல் விளக்கத்தை விடுங்க தம்பி. படைப்புக்குப் பக்கத்துல விசிட்டிங் கார்டு சைஸுக்கு ஒரு லேபிள் இருந்திருக்கும். அதைப் படம் எடுத்தீங்களா?

சயான்_கோலிவாடா | பிப்ரவரி 8, இரவு 10.52

எடுத்திருக்கிறாள் ஒருத்தி. தமிழில் தருகிறேன்: "இரும்பு வாளிகள், எஃகுக் கம்பிக் கயிறு, கடல் உப்பு, ஒற்றைச் சேனல் வீடியோ (வண்ணம், ஒலியுடன்), 14 நிமிடம் 20 நொடி, லூப். அளவுகள் இடத்துக்கேற்ப மாறும். எடிஷன் 3 + 2."

செம்பூர்_ஏணி | பிப்ரவரி 9, காலை 7.15

இதுல முக்கால்வாசி பதில் இருக்கு. 14 நிமிஷம் 20 நொடின்னு போட்டிருந்தா ஓடுற படம் ஒண்ணு இருக்கணும். ஆனா இதை மட்டும் வெச்சு கோளாறுன்னு முடிவு கட்ட முடியாது. படம் முழுக்க நீலமாவே இருக்கலாம். 1993ல டெரெக் ஜார்மன் எடுத்த 'ப்ளூ' 79 நிமிஷம். திரையில நீலத்தைத் தவிர வேற ஒண்ணும் கிடையாது, குரலும் இசையும்தான்.

அதனால திரையோட ஓரத்தைப் பாருங்க. காலரியில மாட்டுற ப்ரொஜெக்டர் நிறைய 1920 × 1200, அதாவது 16:10. வீடியோ பெரும்பாலும் 1920 × 1080, 16:9. மாட்டுறவங்க சுவர்ல வெள்ளைப் பெயின்ட்ல ஒரு செவ்வகம் அடிச்சு, 16:9 படம் அதுக்குள்ள கச்சிதமா உக்கார்ற மாதிரி அளவெடுப்பாங்க. 3.2 மீட்டர் அகலம்னா 16:9 படத்தோட உயரம் 1.8 மீட்டர். சிக்னல் இல்லாம ப்ரொஜெக்டர் தானா போடுற நீலம் அதோட முழு 16:10லயும் விழும், உயரம் 2 மீட்டர். மேல 10 சென்டிமீட்டர், கீழ 10 சென்டிமீட்டர் வெள்ளையைத் தாண்டி வழியும். படத்துக்குள்ள இருக்கிற நீலம் அப்படி வழியாது. அந்தப் பட்டையில லேசா கறுப்புச் சாம்பல் வெளிச்சம் மட்டும் தெரியும்.

உங்க போட்டோவுல அந்த ஓரம் எப்படி இருக்கு?

வடாலா_சந்தேகம் | பிப்ரவரி 9, காலை 9.03

'நோ சிக்னல்'னு எழுத்து வருமே? அது இல்லன்னா படைப்புதான்.

முலுண்ட்_வயர் | பிப்ரவரி 9, காலை 9.30

எழுத்தை மெனுவில் அணைத்துவிடலாம், முக்கால்வாசி காலரிகளில் அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். அதே மெனுவில் சிக்னல் இல்லாதபோது என்ன நிறம் என்றும் கேட்கும்: நீலம், கறுப்பு, லோகோ. விவரம் தெரிந்தவன் கறுப்பை வைப்பான். இங்கே எழுத்தை மட்டும் அணைத்துவிட்டு நீலத்தை விட்டுவிட்டார்கள் போல. கறுப்பு வைத்திருந்தால் இந்தப் பந்தயமே கிடையாது, "படம் இல்லை" என்று எல்லாரும் சொல்லியிருப்பீர்கள்.

சயான்_கோலிவாடா | பிப்ரவரி 9, பகல் 1.20

போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தோம். சுவர் கறுப்பு, நடுவில் வெள்ளைச் செவ்வகம். மேலும் கீழும் கறுப்புச் சுவரில் நீலம் விழுந்திருக்கிறது, பக்கவாட்டில் இல்லை.

முலுண்ட்_வயர் | பிப்ரவரி 9, பகல் 1.34

முடிந்தது. கோளாறு.

என்ன நடந்திருக்கும் என்றால்: காலையில் வருகிறவர் மெயின் ஸ்விட்சைப் போடுகிறார். மீடியா ப்ளேயர் பத்துப் பதினைந்து நொடியில் தயார். ப்ரொஜெக்டர் முழுசாக எழ அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ப்ளேயர் "எதிரே திரை இருக்கிறதா?" என்று கேட்கும் நேரத்தில் பதில் வராது. சில ப்ளேயர்கள் மறுபடி கேட்காது, அன்று முழுக்க நீலம்தான். முதலில் ப்ரொஜெக்டர், அது எழுந்த பிறகு ப்ளேயர். இதை ஒரு தாளில் எழுதி ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். ஒட்டினாலும் படிக்க மாட்டார்கள் என்பதால், ப்ளேயர் பக்கம் ஒரு சின்ன ஈடிஐடி எமுலேட்டர் செருகுவோம். எதிரே திரை எப்போதும் இருப்பதாக அது ப்ளேயரை நம்ப வைக்கும்.

மற்ற சாத்தியங்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை 10 மீட்டருக்கு மேல் இழுத்தால் சிக்னல் விட்டு விட்டு வரும். நீள ஹாலுக்கு கேட்-6 நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் எச்டிபேஸ்டி பெட்டி வேண்டும், 100 மீட்டர் வரை தாங்கும். பென் டிரைவ் இன்னொரு தலைவலி. அது ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் ஃபார்மட் போட்டால் சில ப்ளேயர் டிரைவையே கண்டுகொள்ளாது.

மாட்டுங்கா_மாமி | பிப்ரவரி 9, பகல் 3.05

எல்லாம் சரி, வீடியோ ஓடலைன்னா அதோட ஒலியும் வராதே? லேபிள்ல "ஒலியுடன்"னு இருக்கு. அப்போ இந்தப் பிள்ளைகள் கேட்ட 'டக்' எங்கேர்ந்து வந்தது? யாரும் இதைக் கேக்கலையே.

வடாலா_சந்தேகம் | பிப்ரவரி 9, பகல் 3.11

மாமி பாயிண்ட்டுக்கு வந்தாச்சு.

தாராவி_தகரம் | பிப்ரவரி 9, மாலை 6.48

இரும்பு வேலை செய்றவன் பார்வையில சொல்றேன். ஏசி ஏறி இறங்கும்போது கம்பியும் மேல இருக்கிற ஃப்ரேமும் சுருங்கி விரியும், டிக் டிக்னு சத்தம் வரும். ஆனா அது சீரா வராது. சில நொடிக்கு ஒருதரம்னு சொல்ற அளவுக்கு ஒழுங்கா வந்தா அது சொட்டு. தண்ணி சொட்டுது.

எந்தக் குவியலாவது வித்தியாசமா இருந்துச்சா?

சயான்_கோலிவாடா | பிப்ரவரி 9, மாலை 7.30

இருந்தது! வலது பக்கம், சுவர் ஓரத்தில், ஒரு குவியலின் நடுவில் குழி, சுற்றிப் பழுப்பு நிறம். மற்றவை எல்லாம் முழுசாக இருந்தன, ஆனால் அடியில் தரை ஈரமாகப் பளபளத்தது.

முலுண்ட்_வயர் | பிப்ரவரி 9, மாலை 7.41

சுவர் ஓரம், ஒரே ஒரு குவியல். ஏசி தண்ணீர் வெளியேறும் பைப் ஒழுகுகிறது. லேபிளில் 'நீர்' என்று இல்லை, பார்த்தீர்களா? என் விதி: 48லும் இருந்தால் கலை, ஒன்றில் மட்டும் இருந்தால் ப்ளம்பர்.

செம்பூர்_ஏணி | பிப்ரவரி 9, இரவு 9.20

வயர் தம்பி, அவசரப்படாதீங்க. சுவர் லேபிள் சுருக்கம்தான். ரிசப்ஷன் மேஜையில வொர்க் லிஸ்ட்னு ஒரு தாள் வெச்சிருப்பாங்க, விலைப்பட்டியலோட. அதுல பொருள் வரி முழுசா இருக்கும். யார் வேணா கேக்கலாம், வாங்க வந்தவரா இருக்கணும்னு இல்லை.

அடியில ஈரம் பத்தி: அது உப்போட இயல்பு. சுத்தமான சோடியம் குளோரைடு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாத்தான் தண்ணி விடும். கடல் கல்லுப்புல மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும், அது 33 சதவீதத்துலயே ஈரத்தை இழுக்க ஆரம்பிச்சிடும். மும்பையில ஏசி போட்ட ரூம்லயும் ஈரப்பதம் அதுக்கு மேலதான். ராத்திரி ஏசி அணைச்சா கேக்கவே வேணாம். வீட்டுக் கல்லுப்பு ஜாடி மழைக்காலத்துல பண்ற வேலைதான் இது. அயோடின் பொடி உப்பைப் போட்டிருந்தா இவ்வளவு கசியாது, ஆனா குவியல் பாக்க மாவு மாதிரி இருக்கும்.

வடாலா_சந்தேகம் | பிப்ரவரி 10, காலை 8.15

ஈரம் இயற்கை, சொட்டு ஏசி, நீலம் கோளாறு. அப்போ கலைஞர் பண்ணது என்னதான்? வாளி தொங்க விட்டது மட்டுமா? இதுக்கு ஒரு லிஸ்ட், ஒரு விலை. மொத்தமும் பித்தலாட்டம்னு நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க.

தாராவி_தகரம் | பிப்ரவரி 10, காலை 10.02

வாளி தொங்க விடுறது "மட்டும்" இல்லை சார்.

ஜிஐ வாளி, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு வாளி ஒண்ணு, 12 லிட்டர் சைஸ், ஏறக்குறைய 2 கிலோ. 48 வாளி காலியாவே 100 கிலோ கிட்ட. கொலாபா, ஃபோர்ட் பக்கத்துப் பழைய கட்டடம் நிறைய தேக்கு மர உத்தரம் போட்டது. அதுல டிரில் போட ஓனர் விட மாட்டார், போட்டாலும் எந்த இடத்துல மரம் உளுத்திருக்குன்னு வெளியில தெரியாது. அதனால தரையில காலூன்றின தனி பாக்ஸ் பைப் ஃப்ரேம் அடிச்சு, கறுப்பு அடிச்சு, கூரையோட கூரையா மறைச்சிருப்பாங்க. சுவர் ஓரமா கறுப்புத் தூண் நின்னிருந்தா அதுதான்.

2 எம்எம் ஸ்டெயின்லெஸ் கம்பிக் கயிறு அறுந்து போக 230 கிலோ கிட்ட வேணும். கீழ ஆள் நடக்கிற இடம்னா அதுல பத்துல ஒரு பங்குதான் ஏத்துவோம், 23 கிலோ. தண்ணி ரொம்பின வாளி 14 கிலோ, தாங்கும். விழுந்தா கயிறு அறுந்து விழாது. நுனியில மடிச்சு அமுக்குற ஃபெரூல் நழுவும், இல்ல கொக்கி திறந்துக்கும். கடல் காத்துல ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு அலுமினிய ஃபெரூல் போட்டா அரிச்சுப் பொடியாகும், காப்பர் போடணும். அளவு சரியான அச்சுல அமுக்கணும், கட்டிங் ப்ளேயரால நசுக்கின வேலை பார்த்தவுடனே தெரியும். நசுக்கினதைப் பார்த்தீங்கன்னா அந்த வாளிக்குக் கீழ நிக்காதீங்க.

இன்னொண்ணு, 48 வாளியும் ஒரே மட்டத்துல நிக்க லேசர் லெவல் வெச்சு ஒவ்வொண்ணா ஏத்தி இறக்கணும். புதுக் கயிறு முதல் ரெண்டு நாள் கொஞ்சம் நீளும், மறுபடி சரிபார்க்கணும்.

மாட்டுங்கா_மாமி | பிப்ரவரி 10, காலை 11.30

சந்தேகம் கேட்டவருக்கு: கைவேலை கஷ்டம்ங்கிறதாலயே அது நல்ல படைப்பாயிடாது, அது வாஸ்தவம். ஆனா பொருளைப் பார்த்தா விளக்கத் தாளை விட நிறைய தெரியும். பெங்களூரு ஷீலா கவுடாவோட 'பிஹோல்ட்', 2009ல இத்தாலியில வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சிக்குப் போனது. பொருள் வரி என்னன்னா மனுஷ முடி, எஃகு. 20 கார் பம்பர், அதைத் தாங்குறது ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்கு முடியில திரிச்ச கயிறு. வெள்ளைக்காரனுக்கு இதுக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதணும். நமக்கு எதுக்கு? முடி காணிக்கை தெரியும், லாரி பம்பர்ல திருஷ்டிக்குக் கறுப்பா முடிக்கயிறு கட்டுறது தெரியும். பார்த்த நிமிஷமே பாதி புரியும்.

நம்ம மும்பை ஷில்பா குப்தா 2008-09ல சோப்பை செங்கல் மாதிரி அடுக்கி ஒரு சுவரே வெச்சாங்க. ஒவ்வொரு சோப்பிலயும் 'மிரட்டல்'னு ஆங்கிலத்துல அச்சு. வர்றவங்க ஒண்ணு எடுத்துட்டுப் போகலாம். குளிக்கக் குளிக்க எழுத்து கரையும். "சோப்பு"ன்னு லேபிள்ல படிக்காம சுவரைப் பார்த்தா செங்கல்னு நெனச்சு நகர்ந்திருப்போம்.

வடாலா_சந்தேகம் | பிப்ரவரி 10, பகல் 12.10

முடிக்கயிறு சரி, ஒத்துக்கறேன். சோப்பு யோசிக்கணும். சுவர்ல டேப் போட்டு ஒட்டின அந்த வாழைப்பழப் படைப்பைப் பத்தி யாரும் ஆரம்பிக்காம இருந்தா சரி.

முலுண்ட்_வயர் | பிப்ரவரி 10, பகல் 12.14

175 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்ட வேண்டும் என்று அதற்குக் கையேடே இருக்கிறது தெரியுமா? சரி, சரி, நிறுத்திக்கொள்கிறேன்.

செம்பூர்_ஏணி | பிப்ரவரி 10, இரவு 8.45

கோளாறுன்னு நெனச்சுத் தொடுறதும் ஆபத்துங்கிறதுக்கு ஒண்ணு: 2011ல ஜெர்மனியில டோர்ட்முண்ட் அருங்காட்சியகத்துல மார்ட்டின் கிப்பன்பெர்கர் படைப்பு, மரச்சட்ட அடுக்குக்குக் கீழ ஒரு ரப்பர் தொட்டி. தொட்டிக்குள்ள காஞ்ச கறை மாதிரி வண்ணம் பூசியிருந்தாரு. துப்புரவுப் பணியாளர் அழுக்குன்னு சுத்தமா தேச்சுக் கழுவிட்டாங்க. 8 லட்சம் யூரோ மதிப்பு. அந்தம்மா வேலையைச் சரியாத்தான் செஞ்சாங்க, லேபிளை யாரும் அவங்களுக்குக் காட்டலை.

அடுத்த தடவை குரூப்பா போறவங்களுக்கு: இருட்டு ரூமுக்குள்ள நுழைஞ்சதும் வாசல் ஓரமா அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க, கண் பழகட்டும். ஆறு பேர்ல ஒருத்தர் போன் திரையைத் திறந்தாலும் ஆறு பேருக்கும் முதல்லேர்ந்து பழகணும். முதுகுப் பையைக் கீழயே வெச்சிடுங்க, தொங்குற படைப்புல பை இடிக்கிறதுதான் அதிகம். வீடியோ இருந்தா லேபிள்ல நிமிஷத்தைப் பார்த்து ஒரு முழுச் சுத்து நில்லுங்க.

ஓடலைன்னு தோணினா காவலாளியைக் கேக்காதீங்க, அவருக்கு அது வேலை இல்லை. மேஜையில இருக்கிறவங்ககிட்ட "அடுத்த ஸ்க்ரீனிங் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?"னு கேளுங்க. ஓடலைன்னா அவங்களே பதறிப் போய்ப் பார்ப்பாங்க, ஓடினா லூப்னு சொல்லுவாங்க. யாருக்கும் சங்கடம் இல்லை.

ஞாயித்துக்கிழமை தனியார் காலரி அநேகமா மூடியிருக்கும். என்ஜிஎம்ஏவுக்கு (தேசிய நவீன கலைக்கூடம்) திங்கள் லீவு, பைகுல்லா பாவ் தாஜி லாட் மியூசியத்துக்குப் புதன். எதுவுமே திறக்காத நாள்னா பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் (பிகேசி) மேக்கர் மேக்ஸிட்டியில சுதர்சன் ஷெட்டியோட ரெக்கை வெச்ச டபுள் டெக்கர் பஸ் இருக்கு, 2012லேர்ந்து.

மாட்டுங்கா_மாமி | பிப்ரவரி 12, மாலை 5.50

போய்ப் பார்த்துட்டு வந்தேன். வொர்க் லிஸ்ட் கேட்டேன், சிரிச்ச முகமா குடுத்தா.

பொருள் வரி: இரும்பு வாளிகள், எஃகுக் கம்பிக் கயிறு, கடல் உப்பு, நீர், ட்ரிப் செட், வீடியோ. நீர்! வலது ஓரத்து வாளி ஒண்ணுல மட்டும் அடியில துளை போட்டு, ஆஸ்பத்திரியில சலைன் ஏத்துற குழாய் மாட்டியிருக்கு. உருட்டு ரெகுலேட்டர் வாளிக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு. ஏசி எதிர்ச் சுவர்ல இருக்கு.

வீடியோ இன்னிக்கு ஓடுது. உப்பளத்துல ஒருத்தர் பலகையால உப்பு வாருறார், கடைசி ஒண்ணரை நிமிஷம் வெறும் வானம், சத்தமே இல்லை. நீல வானம். வெள்ளைச் செவ்வகத்துக்குள்ள கச்சிதமா நிக்குது, வழியலை.

வடாலா_சந்தேகம் | பிப்ரவரி 12, மாலை 6.02

கோளாறுன்னு நெனச்ச சொட்டு கலை, கலைன்னு நெனச்ச நீலம் கோளாறு, ஆனா நீலமும் இருக்கு. சாப்பாட்டுக்கு யார் காசு குடுக்கிறது?

சயான்_கோலிவாடா | பிப்ரவரி 12, மாலை 6.20

இங்கே அதுதான் இப்போது சண்டை. சனிக்கிழமை நாங்கள் பார்த்த நீலம் கோளாறுதானே, அதைத்தான் பந்தயம் கட்டினோம் என்பது என் கட்சி.

முலுண்ட்_வயர் | பிப்ரவரி 12, மாலை 6.31

ப்ளம்பரை அனுப்ப வேண்டாம்.

தாராவி_தகரம் | பிப்ரவரி 12, இரவு 9.15

ட்ரிப் செட்டா, நல்ல யோசனை. சாதாரண செட்டுல 20 சொட்டு ஒரு மில்லி. 5 நொடிக்கு ஒரு சொட்டுன்னா நிமிஷத்துக்கு 12, மணிக்கு 36 மில்லி. காலை 11லேர்ந்து ராத்திரி 7 வரைக்கும் 288 மில்லி. தினம் ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் மேல ஊத்தினாப் போதும். ஒரு சிக்கல்: வாளியில தண்ணி மட்டம் குறையக் குறைய அழுத்தம் குறையும், சாயங்காலம் சொட்டு மெதுவாகும். அகலமான வாளிங்கிறதால 288 மில்லிக்கு மட்டம் ரொம்ப இறங்காது, அதனால பெரிசா தெரியாது. வாளியில துரு விழுந்து குழாய் நுனியை அடைக்கும், அதுதான் உண்மையான தொல்லை. உள்ள ஒரு துண்டு நைலான் வலை வெச்சாச் சரி. அந்தப் பழுப்பு நிறமும் அந்தத் துருதான்.

வடாலா_சந்தேகம் | பிப்ரவரி 13, காலை 8.40

கடைசியா ஒண்ணு. "எடிஷன் 3 + 2"ன்னா அஞ்சு பேருக்கு விக்கலாமா? வாங்குறவன் வீட்டுக்கு உப்பு மூட்டையும் வருமா?

செம்பூர்_ஏணி | பிப்ரவரி 13, காலை 10.25

விக்கிறதுக்கு மூணு. ரெண்டு கலைஞரோட சொந்தப் பிரதி, கண்காட்சிக்கு அனுப்ப, பாதுகாப்புக்கு. வாங்குறவருக்குக் கையெழுத்துப் போட்ட சான்றிதழ், ஒரு ஹார்ட் டிரைவ்ல வீடியோவோட மாஸ்டர் ஃபைலும் ஓட்டுறதுக்கான சின்ன ஃபைலும், மாட்டுற விதம் பத்தி ஒரு கையேடு, வாளிகள். உப்பு வராது. எந்த ஊர்ல மாட்டுறாங்களோ அங்கயே வாங்கிக்கணும்.

ஒரு குவியலுக்கு 3 கிலோ கல்லுப்புன்னு வைங்க. மேலேர்ந்து கொட்டினா தானா 30 சென்டிமீட்டர் சொச்சம் விட்டத்துக்கும் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கும் நிக்கும். அதுக்கு மேல செங்குத்தா நிக்க வைக்கணும்னா ஈரம் தெளிச்சு அமுக்கணும், ஆனா காஞ்சதும் சரியும். 48 குவியலுக்கு 144 கிலோ, 50 கிலோ மூட்டை மூணு.

தாராவி_தகரம் | பிப்ரவரி 13, காலை 10.50

கழட்டும்போது கவனம். இரும்புக் கரண்டி, இரும்பு முறம் கூடாது, பிளாஸ்டிக் மட்டும். வேக்குவம் க்ளீனர்ல உறிஞ்சினா மோட்டார் ஒரு மாசத்துல போயிடும். கோட்டா கல் தரைன்னா சாதா தண்ணியில ரெண்டு தரம் கழுவினாப் போதும். சிமென்ட் தரைன்னா உப்பு கொட்டுறதுக்கு முன்னாடியே அடியில தடிமனான பிளாஸ்டிக் ஷீட் விரிச்சிருக்கணும், இல்லன்னா உப்புத் தண்ணி உள்ள இறங்கி கான்கிரீட் கம்பியை அரிக்கும். அதை இப்பவே ஒரு மூலையில தூக்கிப் பார்த்துக்கிறது காலரிக்கு நல்லது.

மாட்டுங்கா_மாமி | பிப்ரவரி 13, பகல் 1.15

ஷீட் இருக்கு, பார்த்தேன். குவியலுக்கு வெளியில ஒரு விரல் அகலம் தெரியுது. ஆனா சொட்டு விழுற குவியலுக்குக் கீழ மட்டும் இல்லை.

தாராவி_தகரம் | பிப்ரவரி 13, பகல் 1.22

வொர்க் லிஸ்ட்ல 'தரை'ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க மாமி.